பால் மறக்கடித்த தவக்காலம்

எங்கள் தெருவில் ஈ கிடையாது. மல்லிகை வாசம் தாங்க முடியாமல் அவ்வளவும் ஒரே நாளில் கிளம்பி பிரியாணிக் கடைப் பக்கம் குடிபோய்விட்டன. திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் தெரு அது. விடிந்தால் வீட்டுக்கு வீடு உதிரிப்பூ சாக்கில் வந்து இறங்கும், பொழுது சாய்ந்தால் சரமாகிப் போகும். தெருமுனையில் எனக்குச் சைக்கிள் கடை. பஞ்சர் பார்க்கிற தண்ணீர்ச் சட்டியில்கூட நாலு மல்லிகை மிதக்கும். என்னிடம் பஞ்சர் ஒட்டிய டியூபில் காற்றைப் பிடுங்கினால் பூ வாசம் வரும் என்று சொல்லி வைத்திருந்தேன். நம்பாதவர்கள் பிடுங்கி மோந்து பார்த்துவிட்டு, திரும்பக் காற்றடிக்க என்னிடம்தான் வருவார்கள்.

கடைக்கு எதிர்வீடு அந்தோணிராஜ் வீடு. கிணறு வற்றியதும் பூந்தோட்டத்தை விட்டுவிட்டு டவுனுக்கு வந்த குடும்பம். அவன் மார்க்கெட்டில் பூ எடுத்துக் கொடுத்துவிட்டு, கட்டிய சரங்களை டி.வி.எஸ் ஃபிப்டியில் வைத்து ஒட்டன்சத்திரம், தாடிக்கொம்பு என்று கடை கடையாய்ப் போடுவான். வீட்டில் கட்டுவது அவன் அம்மா இன்னாசியம்மாளும், அவன் பெண்டாட்டி அறிவுச்செல்வியும். இன்னாசியம்மாள் கட்டுகிற வேகத்தில் நாரிலிருந்து புகை வரும். நான் இரண்டு முறை தண்ணீர் கொண்டு ஓடியிருக்கிறேன்.

இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தமிழ்நிலா. ஒன்றரை வயது. அறிவுச்செல்வி சம்மணம் போட்டு உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருப்பாள். தெருவில் விளையாடுகிற நிலா நடுவில் வந்து, முந்தானையை விலக்கி, நின்றபடியே நாலு வாய் குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி விளையாடப் போய்விடுவாள். அம்மாவின் கை சரத்தில் ஒரு கண்ணியைக்கூடத் தவறவிடாது.

தொண்ணூற்றொன்பதாம் வருடம் தவக்காலம். அந்த வெயிலில் மலைக்கோட்டைப் பாறை விரிந்து ஒரு விரல்கடை தெற்கே நகர்ந்துவிட்டது என்று நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. குழாயில் தண்ணீர் வருகிறது என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள். அந்த மாதிரி ஒரு காலை நேரத்தில், பூச்சாக்கை அவிழ்த்ததும் அறிவுச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"என்னத்தா, மல்லியா கொமட்டுது?" என்றாள் இன்னாசியம்மாள்.

"ஆமாத்தை."

"நாள் தள்ளிருச்சா?"

"தள்ளிருச்சு."

இன்னாசியம்மாள் சிலுவை போட்டு அந்தோணியாருக்கு நன்றி சொன்னாள். மருமகள் வந்து உட்கார்ந்ததும் நிலா வழக்கம்போல் வந்து முந்தானையை விலக்கினாள். சிலுவை போட்ட கையை முழுதாக இறக்காமலே பேத்தியைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்தாள் இன்னாசியம்மாள்.

"போதும் நிலாக்குட்டி. இனிமே இது உனக்கு இல்ல."

"ஏன் அத்தை? பிள்ளை பாதிக் குடியில இருக்கா."

"செனப்பால் நஞ்சுடீ. குடிச்ச பிள்ளை சவலையாப் போகும். கையுங்காலும் சூம்பி, வயிறு மட்டும் வீங்கி..."

"செனையா? நான் என்ன மாடா அத்தை?"

"மாடா இருந்தாத்தேன் தேவலையே. மாடு செனையானா தானே கன்னுக்குட்டிய எத்தி விட்ரும். உனக்கு எத்தத் தெரியல."

நிலா போட்ட கூப்பாட்டில் என் கடையில் தொங்கிய டயர்கள் ஆடின. பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவி வெளியே வந்தாள். அவள் வீட்டுக்காரர் தோல் மண்டியில் கணக்குப்பிள்ளை. இன்னாசியம்மாளும் அவளும் தினம் ஒரு சண்டை போடாவிட்டால் இரண்டு பேருக்குமே சோறு இறங்காது.

"ஏ இன்னாசி, பச்சப் பிள்ளைய என்னா செய்யிறே?"

"பால் மறக்கடிக்கிறேன்."

"ரெண்டு வருசம் குடுக்கணும்னு எங்கள்ல இருக்கு."

"உங்கள்ல இருக்கும். எங்கள்ல இப்பத் தவக்காலம். வீட்ல எல்லாரும் ஒருவேளைச் சாப்பாட்டோட ஒருசந்தி இருக்கோம்ல, அவளும் இருக்கட்டும்."

"ஒண்ணர வயசுப் பிள்ளைக்கு ஒருசந்தியா? உங்க சாமி வந்து கேட்டாரா?"

"எங்க சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ போயி உலைய வையி."

அந்தோணிராஜ் சண்டையின் நடுவில் மார்க்கெட்டிலிருந்து வந்தான். அம்மா சொல்வதைக் கேட்டு "அதுவும் சரிதேன்" என்றான். பெண்டாட்டி சொல்வதைக் கேட்டு "இதுவும் சரிதேன்" என்றான். பிறகு வண்டியை எடுத்தான். மற்ற நாளில் தெரு நீளத்துக்கு மிதித்தாலும் கிளம்பாத வண்டி அது. வீட்டில் பேச்சு தடித்தால் ஒரே மிதியில் கிளம்பிவிடும்.

இருந்தாலும் மறுநாள் அவளைப் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். அங்கே ஒரு நர்ஸ் பார்த்துவிட்டு, "பால் தாராளமாக் குடுக்கலாம்மா. அதுல விசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ மட்டும் ரெண்டு பங்கு சாப்பிடணும். வயிறு இழுத்துப் பிடிச்சாலோ, ரத்தம் பட்டாலோ உடனே வந்துரு" என்று சொன்னாளாம். அறிவுச்செல்வி அதை மாமியாரிடம் வரி விடாமல் ஒப்பித்தாள்.

"அந்த நர்ஸுக்குப் பிள்ளை இருக்கா?"

"இன்னும் கல்யாணம் ஆகல போல அத்தை."

"அப்ப அவளுக்கு ஊசி போடத்தேன் தெரியும்."

ஆக, வேலை தொடங்கியது. முதல் நாள் வேப்பெண்ணெய். அறிவுச்செல்வி அழுதுகொண்டே தடவிக்கொண்டாள். நிலா ஒரு வாய் வைத்தாள். முகம் கோணியது. அம்மாவின் முந்தானையை எடுத்து நன்றாகத் துடைத்தாள், மறுபடி குடித்தாள். ஊரே காலையில் வேப்பங்குச்சியைக் கடித்துத் துப்பிவிட்டுத்தானே காப்பி குடிக்கிறது. அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

அடுத்து பூச்சாண்டி. இன்னாசியம்மாள் அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்து மருமகளின் மார்பில் கண், மூக்கு, மீசை எல்லாம் வைத்து ஒரு முகம் எழுதினாள். எழுதியது நல்ல கை. அந்த முகம் எங்கள் ரேஷன் கடைக்காரர் ஜாடையில் இருந்ததாக ஜெய்தூன் பீவி வெளியே வந்து சொன்னாள். நிலா அதைப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்து, அதற்கு முத்தம் கொடுத்தாள். அந்தக் கரி மீசை அவள் உதட்டுக்கு மேல் ஒட்டிக்கொண்டது. அன்று முழுக்க மீசையோடு திரிந்தாள். நான் "சார்" என்றுதான் கூப்பிட்டேன்.

மூன்றாவதாக வந்ததுதான் மல்லிகை.

பால் வற்ற மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவது எங்கள் பக்கம் உள்ள வழக்கம். பிள்ளை தவறிப்போனவளுக்குக் கட்டுவார்கள், பால் மறக்கடிக்கிறவளுக்கும் கட்டுவார்கள். அந்த மாதம் மல்லிகை வரத்து கொட்டு கொட்டென்று கொட்டி, கேட்க நாதியில்லாமல் சாக்குச் சாக்காய்க் குப்பைக்குப் போனது. "சும்மா கிடக்குற பூதானே" என்று இன்னாசியம்மாள் இரண்டு கை நிறைய அள்ளி, பழைய வேட்டித் துணியில் பரப்பி, மருமகளின் மார்பில் இறுக்கிக் கட்டிவிட்டாள். காலையில் ஒன்று, மாலையில் வாடியதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று.

மற்ற வீடாக இருந்தால் சரி. ஆனால் இந்தப் பிள்ளை பூச்சாக்குக்கு நடுவில் பிறந்த பிள்ளை. பிறந்த நாளிலிருந்து அவள் குடித்த ஒவ்வொரு வாய்ப் பாலும் மல்லிகை வாசத்தோடுதான் உள்ளே போயிருக்கிறது. அவளுக்குப் பால் வேறு, மல்லிகை வேறு அல்ல. குடிகாரனுக்குக் குடியை மறக்கடிக்க அவனைக் கள்ளுக்கடை வாசலில் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. நான் சொல்லத்தான் செய்தேன். நான் சொன்னால் எங்கள் தெருவில் யார் நம்புகிறார்கள்?

வாசம் கூடக் கூட நிலாவுக்கு வெறி பிடித்தது. "பாச்சி, பாச்சி" என்று அம்மாவின் கட்டைப் பிய்த்தாள். தூக்கி வெளியே விட்டால் பூச்சாக்குக்குள் தலையை விட்டு முட்டி முட்டித் தேடினாள். பூவை வாயில் அள்ளிப்போட்டு மென்று, பால் வராமல் துப்பினாள். இட்லி கொடுத்தால் தட்டிவிட்டாள். பருப்புச் சோறு, வாழைப்பழம், ரஸ்க், பிஸ்கட் எதுவும் வேண்டாம். என் கடையில் அவளுக்குப் பிடித்த சைக்கிள் மணியை ஓயாமல் அடித்துக் காட்டினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

இந்தப் பக்கம் அறிவுச்செல்விக்கு எந்த வாசம் குமட்டுகிறதோ அதையே நெஞ்சில் கட்டியிருந்தது. குடித்த கஞ்சித்தண்ணீரும் வெளியே வந்தது. வேலைக்கு வாசம் இல்லாத கனகாம்பரத்தை எடுத்து வைத்துச் சரம் கட்டினாள். கண்ணீர் விழுந்து விழுந்து கனகாம்பரம் கனத்தது.

நாலைந்து நாளில் நிலா நடப்பதை நிறுத்திவிட்டாள். அழுகைக்கும் தெம்பில்லாமல் முனகினாள். விலா எலும்பு தெரிந்தது. நான் அதைப் பற்றிக் கூட்டியோ குறைத்தோ சொல்ல ஒன்றும் இல்லை.

"அத்தை, ஒரே ஒரு தடவை குடுத்துக்கிறேன். உங்க கால்ல விழுறேன்."

"விழு. விழுந்து எந்திரிச்சுப் பூவக் கட்டு."

"எம் பிள்ளை செத்துரும் அத்தை."

"சவலை விழுந்து பிள்ளை சாகுறது எப்பிடின்னு உனக்குத் தெரியாதுத்தா. எனக்குத் தெரியும்."

அதைச் சொல்லிவிட்டு இன்னாசியம்மாள் பேத்தியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவளும் சாப்பிடவில்லை. மருமகள் குளிக்கப் போனால் பேத்தியோடு தட்டிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொள்வாள். தூங்கினால் பக்கத்திலேயே உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுவாள். அவள் பிடிவாதத்தில் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. அதனால்தான் அதை உடைக்க யாராலும் முடியவில்லை.

சனிக்கிழமை தாடிக்கொம்பு பெருமாள் கோயில் வாசல் கடைக்கு அந்தோணிராஜ் சரம் கொண்டுபோக வேண்டும். டி.வி.எஸ் ஃபிப்டி என் கடையில் சக்கரம் கழன்று கிடந்தது. அவன் ஒட்டன்சத்திரத்துக்கு லாரியில் போய்விட்டான். "நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வாரேன்" என்று இன்னாசியம்மாள் கிளம்பினாள். பேத்தியை வீட்டில் விட்டால் மருமகள் பால் கொடுத்துவிடுவாள் என்று அவளையும் இடுப்பில் வைத்துக்கொண்டாள். வண்டிக்கு ஒரு சாமான் வாங்க நானும் அந்த வழியில் போகவேண்டியிருந்தது. டவுன் பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை பஸ் அது. ஏறுகிற பெண்கள் அத்தனை பேரும் பெருமாளுக்குப் போகிறவர்கள். ஒவ்வொரு தலையிலும் மல்லிகை. பஸ் பூச்சாக்கு மாதிரி மணத்தது. முனகிக் கிடந்த நிலா தலையைத் தூக்கினாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணின் முந்தானையை இழுத்தாள். அவள் சிரித்தபடி விலகினாள். முன்சீட்டுக்காரியின் தோளைப் பிடித்து எக்கி, ஜாக்கெட்டுக்குள் கையை விட்டாள். அவள் புதுக் கல்யாணக்காரி போலிருக்கிறது. போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றார்.

"ஏ ஆத்தா, பிள்ளைக்குப் பசிக்கிது, ஏதாச்சும் குடு" என்றாள் ஒருத்தி.

"பசி இல்லத்தா. பால் மறக்கடிச்சிருக்கு. அவங்கம்மா முழுகாம இருக்கா."

"இப்பிடியா? எலும்பும் தோலுமாக் கெடக்கே."

"மறக்கடிக்கத்தேன் செய்யணும்" என்றாள் இன்னொருத்தி. "எங்க சித்தி மக அப்பிடித்தேன் குடுத்துக் குடுத்து..."

"உங்க சித்தி மகளுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நல்லாத்தேன் இருக்கா. ஆனாலும் செய்யக்கூடாதுல்ல?"

பஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. ஆம்பிளைகள் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி காதை மட்டும் உள்ளே வைத்திருந்தார்கள். கண்டக்டர் கருப்பணன் விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு, "பால் குடுக்கணும்ங்கிறவுக ஒரு பக்கம், வேண்டாங்கிறவுக ஒரு பக்கம் நில்லுங்க. ஆனா எல்லாரும் டிக்கெட்டு எடுத்துட்டு நில்லுங்க" என்றான்.

சன்னலோரம் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் பெரிய கூடை, காலடியில் இரண்டு வயதுப் பையன். கூந்தலில் ஒரு துண்டு மல்லிகை. பெயர் பொன்னழகு என்று பிறகு தெரிந்தது, செங்கல் சூளை வேலைக்காரி. அவள் கூடையைப் பையன் தலையில் சாய்த்து வைத்துவிட்டு, "அந்தப் பிள்ளைய இங்கிட்டுக் குடுங்க" என்று கையை நீட்டினாள். இன்னாசியம்மாள் யோசிப்பதற்குள் நிலா அவளிடம் தாவிவிட்டாள். பொன்னழகு முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

பஸ்ஸில் சத்தம் அடங்கியது. பிள்ளை விழுங்குகிற சத்தம் எஞ்சின் சத்தத்துக்கு மேலே பின்சீட்டு வரை கேட்டது. இதை நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கருப்பணனைக் கேளுங்கள்.

நிலா ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் போனபோது பொன்னழகு முந்தானையைச் சரிசெய்தாள். கூடையும் முந்தானையும் மறைத்திருந்த வயிறு அப்போதுதான் தெரிந்தது.

"ஏத்தா," இன்னாசியம்மாள் குனிந்து பார்த்தாள். "உனக்கு எத்தனையாவது மாசம்?"

"அஞ்சு."

"அய்யோ மாதாவே! குடு, குடு பிள்ளைய!"

"இருங்க ஆத்தா. குடிச்சு முடிக்கட்டும். கொஞ்சமாத்தேன் வருது."

"செனப்பால்டீ அது!"

"எம் மாமியாளும் விசம்னுதேன் சொன்னா. 'அப்பச் சரி அத்தை, நீங்க போயிச் சூளையில மண்ணு மிதிங்க, நான் வீட்ல இருந்து இவனுக்குக் கஞ்சி ஊட்டுறேன்'னேன். மறுநாளே விசம் எறங்கிப்போச்சு." காலடியில் இருந்த பையனைக் காட்டினாள். "இவனும் குடிக்கிறான். பாருங்க, இவனா சவலை?"

பையன் கூடையைத் தலையில் தாங்கியபடி ஒரு முழு முறுக்கைத் தின்றுகொண்டிருந்தான். கன்னம் கொழுக்கட்டை மாதிரி இருந்தது.

தாடிக்கொம்பில் இறங்கும்போது நிலா தூங்கிவிட்டாள்.  இன்னாசியம்மாள் சுமந்து வந்த சரத்தில் ஒரு பந்தை எடுத்துப் பொன்னழகு மடியில் வைத்துவிட்டு இறங்கினாள். அவள் கை எதையும் சும்மா கொடுத்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். வாந்தி வருகிறதா, வயிற்றால் போகிறதா என்று மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறிவுச்செல்வி பதறி என்னிடம் ஓடிவந்து, "சடையாண்டி மாமா, பஸ்ல என்ன நடந்துச்சு? அத்தை வாயே தெறக்க மாட்டேங்கிறாக" என்றாள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். "உங்க கதைய இன்னொரு நாளைக்கு வச்சுக்கங்க மாமா" என்று அழுதுவிட்டுப் போய்விட்டாள்.

மத்தியானம் கழிந்து நிலா விழித்தாள். வாந்தி இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. சுற்றிப் பார்த்தாள். "சோச்சி" என்றாள். அறிவுச்செல்வி பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்து வந்தாள். ஒரு கிண்ணம் தின்றாள். இன்னும் கேட்டாள்.

எல்லோருக்கும் உயிர் வந்தது. இன்னாசியம்மாளுக்கு மட்டும் போய்விட்டது போலிருந்தது.

சாயங்காலம் நான் டி.வி.எஸ்ஸுக்குச் சக்கரம் மாட்ட எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஜெய்தூன் பீவி தலைக்குப் பூ வாங்க வந்தாள். இன்னாசியம்மாளின் முன்னால் பூ குவிந்திருந்தது. நார் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. கை சும்மா இருந்தது. அந்தக் கை சும்மா இருந்து அந்தத் தெருவில் ஒருவரும் பார்த்ததில்லை.

"என்னா இன்னாசி, உடம்புக்குச் சொகமில்லையா? பிள்ளைதேன் சாப்ட்ருச்சாமுல்ல?"

"ஜெய்தூனு, எனக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சு. உங்கிட்டச் சொன்னதில்ல."

அறிவுச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். அவளிடமும் சொன்னதில்லை.

"சலேத்து. சலேத் மேரி. இவன் அந்தோணி வயித்துல இருக்கையில அதுக்கும் இதே ஒண்ணர வயசு. செனப்பால் குடுக்காதன்னு எம் மாமியா சொன்னா. கெணத்தடியில சொன்னாக. ஊரே சொன்னுச்சு. வேப்பெண்ணெயத் தடவி நிறுத்துனேன். கேப்பக் கஞ்சி காச்சி ஊத்துனேன். கொஞ்ச நாள்ல வயித்தால போக ஆரம்பிச்சிருச்சு. சவலை விழுந்துருச்சு. மாட்டு வண்டியில போட்டுத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுக்கிட்டு வாரோம், பாதி வழியில அதுக்குக் கழுத்து நிக்கல."

இன்னாசியம்மாள் முன்னால் குவிந்திருந்த பூவைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டாள்.

"முன்னாடி குடிச்ச நஞ்சுதேன் உள்ள நின்னு கொன்னுருச்சுன்னு சொன்னாக. என் பால்தேன் கொன்னுச்சுன்னு இம்புட்டு வருசமா நெனச்சுக்கிட்டுத் திரியிறேன். இவளுக்காச்சும் அப்பிடி ஆயிரக்கூடாதுன்னுதேன் நான் இம்புட்டும்... இன்னைக்கு பஸ்ல என் கண்ணால பாத்துட்டேன். நஞ்சு இல்ல. ஒண்ணும் இல்ல. அப்ப, நான் நிறுத்துனதுல்ல ஜெய்தூனு கொன்னுருக்கு?"

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அறிவுச்செல்வி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.  இதற்கு நர்ஸிடம் பதில் கிடையாது. சாமியார் ஏதாவது சொல்வார், ஆனால் அவருக்கும் தெரியாது. வாழ்நாள் முழுக்கக் கதை விட்டவன் நான், எனக்கே ஒன்றும் வாயில் வரவில்லை.

ஜெய்தூன் பீவி மெல்லக் கீழே உட்கார்ந்தாள். முட்டாக்கை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அது எந்த வருசம்? ஊரெல்லாம் பேதி கண்டுச்சே, அந்த வருசமா?"

"அந்த வருசந்தேன்."

"அந்த வருசந்தேன் எங்க வீட்லயும் ஒண்ணு போச்சு. பொட்டப் பிள்ளை. உன் பிள்ளை வயசுதேன். அப்ப என் வயித்துல வேற ஒண்ணும் இல்ல இன்னாசி. நான் பாலை நிறுத்தல. கடைசி நாள் வரைக்கும் குடிச்சிச்சு. வாயில பாலோடதேன் போச்சு." அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "குடுத்தாலும் போச்சு, நிறுத்துனாலும் போச்சு. அந்த வருசம் அப்பிடி. நீயும் கொல்லல, நானும் கொல்லல."

ஜெய்தூன் பீவிக்குப் பிறந்தது நாலும் ஆண். நாலும் உயிரோடு இருக்கின்றன, ஒருவன் துபாயில் இருக்கிறான். அந்தப் பேதி வந்த வருடம் அவளுக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. இது எனக்குத் தெரியும். அவளுடைய நாலாவது பிரசவத்துக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்த இன்னாசியம்மாளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இன்னாசியம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெய்தூன் பீவி கண்ணை எடுக்கவில்லை.

"உன் பிள்ளை பேரு என்ன?" என்று கேட்டாள் இன்னாசியம்மாள்.

"கமர்ஜஹான்."

"நல்ல பேரு."

"அவுக அத்தா வச்சாரு."

இன்னாசியம்மாள் மூக்கைச் சிந்திப்போட்டாள். பிறகு திரும்பி, "ஏத்தா அறிவு, என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்கே? அந்தக் கட்ட அவுத்துக் குப்பையில எறிஞ்சுட்டுப் பிள்ளையத் தூக்கு" என்றாள்.

"வத்திருச்சோ என்னமோ அத்தை. கட்டுக்கட்டுன்னு கெடந்துச்சு, இப்பத் தொளதொளன்னு இருக்கு."

"வந்த வரைக்கும் குடிக்கட்டும். வரலேன்னா சும்மா வாயில வச்சுக்கிட்டு இருக்கட்டும். உனக்கு என்ன நட்டம்? அந்தோணி வந்தா முருங்கக்கீரை வாங்கியாரச் சொல்லு. ரெண்டு பங்கு திங்கணும்னு அந்த நர்ஸுப் பிள்ளை சொன்னாளாமுல்ல?"

"உங்களுக்குத்தேன் நர்ஸுன்னா..."

"வாயக் குறைச்சுச் சோத்தக் கூட்டு."

அறிவுச்செல்வி உள்ளே போய்க் கட்டை அவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நிலா வந்து நின்றாள். இந்த முறை உடனே குடிக்கவில்லை. ஆயாள் இன்னாசியம்மாளின் முகத்தைப் பார்த்தாள். ஆயாள் மோவாயை ஆட்டி, "குடி" என்றாள்.

ஆடி பிறந்தபோது பால் தானாகவே மெலிந்துவிட்டது. நிலா ஒரு நாளைக்கு ஒரு தடவை வருவாள், இரண்டு நாளைக்கு ஒரு தடவை வருவாள். வாயை வைத்துப் பார்த்துவிட்டு, "இல்ல" என்று கையை விரித்துக் காட்டிவிட்டு ஓடிவிடுவாள். ஐப்பசியில் அறிவுச்செல்விக்கு இன்னொரு பெண் பிறந்தது. சுகப்பிரசவம், எடை நன்றாக இருந்தது. பால் வந்த அன்று நிலாவும் வந்து தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் இது. "ரெட்டைக் கொழா" என்றாள் ஜெய்தூன் பீவி. அவளும் இன்னாசியம்மாளும் பழையபடி தினம் சண்டை போட்டுக்கொண்டார்கள். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். வேறு ஊரில் புதைத்தவர்களுக்கும் மெழுகுவர்த்தி ஏற்ற, கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஒரு பெரிய சிலுவை உண்டு. இன்னாசியம்மாள் நிலாவைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். ஜெய்தூன் பீவியும் கூடப் போய் வாசல் கேட்டுக்கு வெளியே நின்றாள். திரும்பும்போது நிலாவை உட்காரவைத்துக் கூட்டிவர வாடகை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நானும் போயிருந்தேன்.

இன்னாசியம்மாள் இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றிச் சிலுவையடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "இது சலேத்து" என்று பேத்திக்குக் காட்டினாள். "இது கமர்ஜஹான்."

நிலா இரண்டு பேருக்கும் கையாட்டினாள். வெளியே ஜெய்தூன் பீவி முட்டாக்கைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றாள்.

மழைக்கு முந்திய காற்று. சலேத்தின் மெழுகுவர்த்தி இரண்டு தடவை அணைந்துவிட்டது. பிறக்கவே பிறக்காத பிள்ளையின் மெழுகுவர்த்தி ஒரு தடவைகூட அணையவில்லை. ஒவ்வொரு தடவையும் இன்னாசியம்மாள் குனிந்து, இதிலிருந்து அதைப் பொருத்தினாள்.